ஏழு நாளா, முப்பது நாளா?

ஏலே பேராண்டி, அந்தப் போனை ஓரமா வச்சுட்டு இப்படித் திண்ணையில உக்காரு. ‘வறுமை இத்தன சதவீதம் கொறஞ்சிருச்சு தாத்தா’ன்னு வட்டமாப் படம் காட்டுத. தோசையக் கூறு போட்ட மாதிரி அழகாத்தான் இருக்கு. ஆனா கொறஞ்சது வறுமையா, மாறுனது கேள்வியா? அத விசாரிச்சியாலே?

நம்ம சர்க்காரு 1950லருந்து ஆள் அனுப்பி விசாரிச்சு எழுதுது. ரொம்பக் காலம் ‘போன முப்பது நாள்ல என்ன வாங்குன, என்ன தின்ன’ன்னுதான் கேட்டுச்சு. தேசிய மாதிரி ஆய்வுன்னு பேரு. கல்கத்தா மகாலனோபிஸ் பெத்து வளத்த பிள்ள. கெட்டிக்காரப் பிள்ளதான், சும்மா சொல்லப்படாது. ஒரு பானச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு உங்க ஆச்சி பாக்கா இல்லியா, அதான் சங்கதி. ஆனா அவ கரண்டிய விட்டு நல்லாக் கிண்டிட்டுத்தான் ஒரு பருக்கய எடுப்பா. மேலாக்கக் கெடக்கத எடுத்து நசுக்குனா பானையே ஏமாத்திரும்.

தொண்ணூறுகள்ல ஒரு சந்தேகம் வந்துச்சு. மாசக் கடைசியில, மாசப் பொறப்புக்குத் தின்ன கத்திரிக்கா எவனுக்கு ஞாபகம் இருக்கும்? எனக்கு நேத்து ராத்திரிச் சோறே மறந்து போச்சு. சரின்னு, பாதி வீட்டுல முப்பது நாள், பாதி வீட்டுல ஏழு நாள்னு கேட்டுப் பாத்தாக. ஏழு நாள் கேட்ட வீட்டுல ஜனங்க ஏகமாத் தின்னிருந்தாக! அந்தக் கணக்குல ஏழைக கிட்டத்தட்ட பாதியாப் போனாக. ஒருத்தனுக்கும் ஒரு படி அரிசி கூடக் குடுக்கல தம்பி. நாளத்தான் மாத்துனாக.

அதோட விட்டாகளா? 1999-2000ல ரெண்டு கேள்வியையும் ஒரே வீட்டுல, பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துல போட்டுக் கேட்டாக. வாரத்துக்கு ஒரு கிலோ பருப்புன்னு சொன்னவ, அடுத்த கட்டத்துல மாசத்துக்கு ரெண்டு கிலோன்னு சொல்லுவாளா? கூச்சமா இருக்காது? ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற மாதிரி இழுத்துக் கட்டித்தான் சொல்லுவா.

1993-94ல நூத்துக்கு 36 பேரு ஏழை. 1999-2000 கணக்குல 26. டெல்லியில ஒரு கூட்டம் மேளம் அடிச்சுச்சு. ‘அப்ப அளந்தது மரக்கா, இப்ப அளந்தது நாழி, எப்படிய்யா ஒப்பிடுதீக’ன்னு இன்னொரு கூட்டம் மல்லுக்கு நின்னுச்சு. ஆங்கஸ் டீட்டன்னு ஒரு வாத்தியாரு, 2015ல நோபல் வாங்குனாரே, அவரு என்ன செஞ்சாரு? ரெண்டு தடவையும் ஒரே மாதிரி கேட்டிருந்த சாமான்கள மட்டும் பொறுக்கி எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டாரு. கொறஞ்சதுல பெரும்பகுதி நெசந்தான், ஆனா சர்க்காரு சொன்ன அளவுக்கு இல்லன்னுட்டாரு. ரெண்டு கூட்டத்துக்கும் மூஞ்சி தொங்கியிருக்கும்.

அளக்க விதமே கணக்க மாத்துத இந்த வம்ப மகாலனோபிஸ் வயல்லயே பாத்தவரு. விளைச்சல் எவ்வளவுன்னு பாக்க, வயல்ல சின்னதா ஒரு வளையம் போட்டு அறுத்தா, கணக்கு எப்பவும் கூடுதலா வருது. ஏன்? விளிம்புல நிக்க கதிர எந்தக் கையி வெளிய தள்ளும்? பாவம், அறுக்கவன் பொய்க்காரனில்ல. அறுவாளு தானா உள்ள சேத்துக்கிடுது.

சரி, போன மாசம் நீ எத்தன டீ குடிச்ச, சொல்லு பாப்போம். முப்பதா? போன வாரம்? இருபத்தெட்டா!

ஏன்ல முழிக்க? கடைக்காரன் கடன் நோட்டோட உன்னத்தான் தேடுதான்.