பொக்கிஷப் பரிபாலகர்

மூதாதையரின் படங்களையும் பண்டங்களையும் ஒரு சிறு பழுதுமின்றிச் சந்ததியாருக்கு ஒப்புவிக்க வேண்டுமென்று சங்கல்பம் செய்துகொண்டிருக்கும் அந்தப் பெரியவர், அவற்றில் ஒன்றையேனும் தம் வீட்டில் வைத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. பூர்விக வீடு கைமாறிய நாள் முதலாக அவருடைய ஜீவிதம் படங்களுக்கு வரன் தேடுவதிலேயே கழிகிறது. எந்த வீட்டில் சுவர் வெறுமையாக இருக்கிறது, எந்த வீட்டில் பரண் காலியாக இருக்கிறது, எதிர்த்துப் பேசத் தெரியாத மருமகள் எங்கே வாய்த்திருக்கிறாள் என்பவையெல்லாம் அவருக்குக் கரதலப்பாடம். காபியை ருசித்து அருந்தி, மழை பொய்த்ததைப் பற்றி விசாரப்பட்டு, விடைபெறும் பாவனையில் எழுந்து நின்ற பிறகுதான், "அம்மாடி, உன் கையில் இருந்தால்தான் இது பத்திரம், மற்றவர்களுக்கு இதன் அருமை தெரியாது" என்று தொடங்குவார். இதே வாக்கியத்தை இதே கனிவோடு அடுத்த தெருவிலும் அவர் அருளியிருக்கிறார் என்பது நமக்குப் பின்னால்தான் தெரியவரும். அதற்குள் தேக்குச் சட்டம் போட்ட குடும்பப் படமும், மூடி தொலைந்த கூஜாவும், வெற்றிலைச் செல்லமும் ஆட்டோவிலிருந்து இறங்கி நம் கூடத்தில் வாசம் செய்யத் தொடங்கியிருக்கும்.

கொடுத்தவர் அத்தோடு போய்விட்டால் பாதகமில்லை. நாள் கிழமை தவறாமல் மேற்பார்வைக்கு வருவார். மேற்குச் சுவரில் மாட்டினால் வெயில் படும். உள்ளறையில் மாட்டினால் அவமரியாதை. பரணில் வைத்தாலோ பிதிர்த் துரோகம். கண்ணாடியைத் துடைப்பதற்காக எவரேனும் சட்டத்தைப் பிரிக்கப் போனால், ஈரத்தில் படத்தின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டியிருக்குமென்றும், பிடுங்கினால் தாத்தாவின் முகம் கண்ணாடியோடு போய்விடுமென்றும், அப்படியே வைத்துப் பிரதி எடுப்பதுதான் உத்தமமென்றும் பதறுவார். சொல்வது அத்தனையும் உண்மை; அதுதான் சங்கடம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடையொன்றில், யாரோ ஒரு குடும்பத்துத் தம்பதியர் சட்டத்தோடு தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததையும், வந்தவர் சட்டத்துக்கு மட்டும் பேரம் பேசியதையும் கண்டு, நடுத்தெருவில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின் அவரை முழுமனத்தோடு பரிகசிக்க என்னால் முடிவதில்லை.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்து வைத்த புத்தகங்களும் பத்திரிகைகளும் அவர் காலத்துக்குப் பின் 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றதை அடிக்கடி எடுத்துச் சொல்லி, நம் படங்களுக்கும் அத்தகைய யோகம் வருமென்று பூரிக்கிற இவர், அப்படிப்பட்ட எந்த ஸ்தாபனமும் முதலில் கேட்கக்கூடிய 'இவர் யார், எந்த ஊர், எந்த வருஷம்' என்பதற்கு ஒரு படத்தின் முதுகிலாவது ஓர் எழுத்து எழுதினாரா? மை ஊறுமே என்று பயந்தால் இருக்கட்டும், மெல்லிய பென்சிலைச் சீவிக் கையில் கொடுத்தால், "எதற்கு? எல்லாம் என் மனசில் இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அந்த மனசில், தலைப்பாகை கட்டி நடுவில் உட்கார்ந்திருக்கிறவர் தீபாவளியன்று கொள்ளுத்தாத்தாவின் மைத்துனராக இருந்தார், பொங்கலுக்குள் தாசில்தாராகிவிட்டார். அவருக்குப் பின்னால் நிற்கிற அம்மாளைப் பற்றியோ, "நம்மவள்தான்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. இன்றைக்கு அவளை அடையாளம் சொல்லக்கூடியவர் இவர் ஒருவர்தானே. பெயரைச் சொல்ல மனமில்லாவிட்டால், படம் கும்பகோணத்தில் எடுத்ததா, மாயவரத்தில் எடுத்ததா என்பதையாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?