துப்ளேக்ஸ் ஓட்டாத சைக்கிளு

வாப்பா தம்பி. இன்னா, பெஜோ ரேஸ் சைக்கிளா? தள்ளிட்டு வா, பாப்போம்.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல வாங்கினியா? வித்தவன் இன்னா கதை சொன்னான்? பிரெஞ்சு கவர்னர் ஓட்டினதாமா? நீ இன்னும் கொஞ்சம் வாயப் பொளந்திருந்தா அந்தக் காலத்து கவர்னர் துப்ளேக்ஸே ஓட்டினதுன்னு சொல்லியிருப்பான். அந்த மனுசன் 1754-லயே கப்பலேறிட்டாரு. பெஜோகாரன் சைக்கிள் பண்ண ஆரம்பிச்சதே 1882-ல. துப்ளேக்ஸ் சிலைக்கிட்ட நிறுத்தி போட்டோ எடுத்துட்டா வெல ஏறிடுமா?

கதைய ஓரங்கட்டு. குனிஞ்சு வண்டியப் பாரு.

பி.எக்ஸ். 10 மாடலுங்கற. இருந்தா சந்தோசம். பந்தயத்துக்குன்னே விட்ட வண்டி அது. ரெய்னால்ட்ஸ் 531 கொழாயில ஃப்ரேம், மஃபாக் பிரேக்கு, ஸ்ட்ராங்லைட் கிராங்கு, சிம்ப்ளெக்ஸ் கியரு. இதுல இன்னா மிச்சம் வெச்சிருக்க? பிரேக்கு புதுசு. கியரு எங்கடான்னா, கறகறன்னுச்சு, கழட்டிட்டேங்கற. ஸ்டிக்கர் சிங்கம் மட்டும் பளபளன்னு நிக்குது.

டயரு, டியூபு, செயினு, பிரேக் கட்டை மாறினதுக்கு எவனும் வெல கொறைக்க மாட்டான். தேயறது தேயத்தான் செய்யும். கிராங்கும் கியரும் மாறினாத்தான் கணக்கு ஒதைக்கும். ஃப்ரேம்ல எவனாவது கை வெச்சிருந்தா? போச்சு.

பிரெஞ்சு அளவு வேற, இங்கிலீசு அளவு வேற, தெரியுமில்ல? ஹேண்டில்பார் தண்டு பிரெஞ்சுக்காரனுக்கு 22 மில்லி, இங்கிலீசுக்காரனுக்கு 22.2. எறங்காது. நம்மாளு வுடுவானா? அரத்தால ராவு, சுத்தியால ரெண்டு போடு, எறங்கிடுச்சு! பெடலும் அப்படித்தான். 14 மில்லி மரையில 9/16 அங்குலத்த வெச்சு முறுக்கினா கிராங்கு மரை இன்னாத்துக்கு ஆவும்? இதோ பாரு, உன் வண்டியிலயும் எவனோ முறுக்கியிருக்கான்.

அதுக்கு மேல நீ வேற பவுடர் கோட்டிங் அடிச்சிருக்க. கெழவனுக்கு மை தடவி மாப்பிள்ளையாக்கின கதைதான். சேத்து வெக்கிறவன் துருவப் பாத்து பயப்பட மாட்டான் தம்பி. பழைய பெயிண்ட சொரண்டினதப் பாத்தாத்தான் ஓடுவான். அந்தக் கோட்டிங் ரசீத உள்ள வெய்யி. உன் ஆசைக்குச் செலவு பண்ண, வாங்குறவன் ஏன் அழணும்?

எல்லா சாமானும் அப்படியே இருக்கிற வண்டி கடைசியா எவ்ளோக்கு கைமாறுச்சுன்னு விசாரி. கேட்ட வெல இல்ல, குடுத்த வெல. இல்லாத சாமானத் தேடிப் புடிக்க ஆவுற காச அதுல கழி. பிரான்சுலேருந்து வர்ற கூலி, கஸ்டம்ஸ் எல்லாத்தையும் சேத்துத்தான். கழிச்சா ஒண்ணும் மிஞ்சலியா? வண்டிய எடுத்துட்டு பால் வாங்கப் போயேன், யாரு வேணாம்னா?

அது சரி, கழட்டின பழைய பிரேக்கும் கியரும் எங்க? காயலாங்கடையில போட்டுட்டியா? எந்தக் கடை? சும்மாத்தான் கேக்குறேன். நீ போயி டீ சொல்லு, நான் இப்படி ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்.