ரிட்டயர்டு ஆனவர் எட்டு மணிக்கே வந்துவிடுவார்

தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆனது, 2021-ல் 60. கோட்டைக்கு அரசாணை தேவைப்பட்டது. துடியலூர் லேத் பட்டறைக்கு அதெல்லாம் எதற்கு? சனிக்கிழமை சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்புவார்கள். திங்கட்கிழமை அதே லேத்தில் அதே பெரியவர், தினக்கூலியாக.

“ஊட்டுல சும்மா உக்காந்து என்னங்க பண்றது?” என்பார். பி.எஃப். பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 2014-ல் வந்த 1,000 ரூபாயிலேயே உட்கார்ந்திருப்பதை மரியாதைக்காகச் சொல்லமாட்டார். மைக்ரோமீட்டரைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து அளவு பார்க்கிறார், இம்மியும் பிசகவில்லை.

முதலாளிக்கோ ஒரே அலுப்பு: “இந்தக் காலத்துப் பசங்க வேலைல நிக்கறதே இல்லீங்!”

பசங்களுக்கு என்ன சம்பளம் என்று கேட்டேன்.

“டீ சாப்பிடறீங்ளா?” என்றார்.