கொரியாவுக்குப் போற பேத்திக்கு, போகாத தாத்தா சொல்ற புத்தி

கொரியாவுக்கு டிக்கெட் எடுத்தாச்சாமே. ரொம்ப சந்தோசம் கண்ணு. சோல் பட்டணமெல்லாம் வேணாம், நாட்டுப்புறந்தான் பாக்கணும்னியாமே. மலை, புத்தர் கோயில், கடலோரம்னு பட்டியல் போட்டு வச்சிருக்கேன்னு உங்கம்மா சொன்னா. அருமையான பட்டியல். ஜன்னலைத் திறந்தா மலை, மலைக்குள்ள புத்தர், ஒன்றரை மணி நேரம் காரோட்டினா லுமுட் கடல்னு ஈப்போவுல வளந்த புள்ளைக்கு இதெல்லாம் புதுசாத்தான் இருக்கும்.

இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு ஆரம்பிக்கப் போறேன்னு பயப்படாதே. அக்கரை நெசமாவே பச்சைதான். அக்டோபர் மாசம் போனா செவப்பு, மஞ்சள்னு கூடுதலா ரெண்டு கலர் வேற. நான் கொரியா போனதில்லதான். ஆனா நீ வேலைக்குக் கிளம்பினதும் உங்க பாட்டி கொரிய நாடகம் போட்டுடுவா. அவ அழுகுறதுக்குப் பாக்குறா, நான் அந்தப் புள்ளைங்களுக்குப் பின்னால தெரியிற மலையைப் பாக்குறேன். அந்தத் தகுதியில நாலு வார்த்தை சொல்லுறேன், கேட்டுக்கோ.

முதல்ல மலை. சொராக்சான்னு எழுதி நட்சத்திரம் போட்டிருக்க. நல்ல கருங்கல் மலை. ஏறுறதுக்கு நூத்துக்கணக்குல படி இருக்கு, கேபிள் காரும் இருக்கு. நீ எதுல ஏறுவேன்னு எனக்குத் தெரியும். நம்ம ஃப்ளாட்டுல லிஃப்ட் கெட்டுப்போன அன்னிக்கு மூணாம் மாடி ஏறிட்டு, மறுநாள் கால் வலின்னு எம்சி போட்டவதானே நீ.

அதனால போகுமுன்ன ஒரு ஒத்திகை பாத்துக்கோ. கோலகங்சார் ரோட்டுல பேராக் தோங் இருக்கே, சீனாவுல இருந்து வந்த சோங் சென் யீங்கிறவர் 1926-ல ஆரம்பிச்ச குகைக் கோயில். உள்ள நுழைஞ்சதும் நாப்பதடி உசரத்துல புத்தர் உக்காந்திருப்பார். வர்றவங்க நெறைய பேர் அவரோட ஒரு படம் புடிச்சுக்கிட்டு, வெளியில வந்து இளநி குடிச்சுட்டுப் போயிடுவாங்க. நீ அவருக்குப் பின்னால போ. ஊதுவத்திப் புகையில கருத்துப்போன பாறை, சுவர் முழுக்கத் தூரிகையில எழுதின சீன எழுத்து, அதைத் தாண்டி ஒரு படிக்கட்டு மலைக்குள்ளேயே மேல ஏறும். முந்நூறு படிக்கு மேல. தலைக்கு மேல பாறை தாழ்ந்து வரும் எடத்துல புத்தர் கோயில்னு மறந்துட்டு “முருகா”ன்னு குனிவே. சுவத்துல கை வச்சா ஈரம் ஒட்டும். அப்புறம் சடார்னு வெளிச்சம், காத்து, கொரங்கு. உச்சியில நின்னு பாத்தா ஃபேக்டரிக் கூரை, ஹைவே, வீட்டு வரிசை, நடுநடுவுல பச்சை மலை. சில மலையில பாதி பச்சை, பாதி வெள்ளை. அந்த வெள்ளைக் கதைக்குப் பின்னால வர்றேன்.

நம்ம மலை சுண்ணாம்புக்கல் கண்ணு. கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தி கடலடியில செத்த சிப்பியும் பவளமும் படிஞ்சு இறுகினது. மழைத்தண்ணி அதைக் கரைச்சுக் கரைச்சுக் குகை பண்ணிக் குடுத்துச்சு. சாமியாருங்க வந்து குடியேறிட்டாங்க. முன்பணமும் இல்ல, வாடகையும் இல்ல. கொரியாக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை அவ்வளவா இல்ல. அவன் மலை பெரும்பாலும் கருங்கல்லு, லேசுல கரையாது. அதுக்காக விட்டானா? 751-ல வேலையத் தொடங்கி, தோஹாம்சான் மலை மேல கருங்கல்லை வெட்டி அடுக்கி, ஒரு குகையவே கட்டி, கிழக்குக் கடலைப் பாத்தாப்ல புத்தரை உக்கார வச்சான். சொக்குராம்னு பேரு. 1995-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க. நீ அவசியம் போய்ப் பாரு. ஒரே ஒரு கஷ்டம், புத்தருக்கு முன்னால கண்ணாடி போட்டிருக்கு, படம் புடிக்க விடமாட்டாங்க. கண்ணால மட்டும் பாத்துட்டு வர்ற பழக்கம் உனக்கு இருக்கான்னுதான் எனக்குக் கவலை.

அடுத்தது கோயில்ல ராத்தங்குற சமாச்சாரம். 2002-ல உலகக் கோப்பைப் பந்து விளையாட்டு நடந்தப்ப, வந்த வெளிநாட்டுக்காரங்க தங்குறதுக்காக ஆரம்பிச்ச ஏற்பாடாம். இப்ப பெரிய மவுசு. விடியறதுக்கு முன்னாடி மரத்தாளம் தட்டி எழுப்பிடுவாங்க. இருட்டுல போய் நிக்கணும். நூத்தியெட்டு தடவை விழுந்து எழுந்து கும்பிடணும். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமச் சாப்பிடணும். அப்புறம் கிண்ணத்துல தண்ணி ஊத்தி அலசி, அந்தத் தண்ணியையும் குடிச்சுடணும். இதுக்குக் காசும் குடுக்கணும்.

எனக்கு இதைக் கேட்டதும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துல இருந்த நாள் ஞாபகம் வந்துடுச்சு. இருட்டோட பெரட்டுக்கு ஓடணும். கிராணி பேரு கூப்பிடுவார், மண்டோர் நிரையைக் காட்டுவார். ஒவ்வொரு மரத்துக்கும் குனிஞ்சு, பட்டை சீவி, மங்கு வச்சு, நிமிந்து, அடுத்த மரம். நூத்தியெட்டோட நின்னுடாது, நானூறு ஐநூறு மரம் இருக்கும். சோத்துல மிச்சம் வைக்கிற பேச்சே கிடையாது. அந்த ஞானப் பயிற்சிக்கு நாங்க காசு குடுக்கல, அவங்கதான் எங்களுக்குக் குடுத்தாங்க, கொஞ்சமாத்தான். உங்க பாட்டி அந்த மடத்துல முப்பது வருசம் இருந்தா. இன்னும் அவளுக்குக் கோபம் போகலையேன்னு கேக்காதே, அது வேற மதம்.

கோலகங்சார்ல ஒரு கித்தா மரம், ரப்பர் மரந்தான், நிக்குது பாத்திருக்கியா? 1877-ல கொண்டாந்து நட்ட கன்னுங்கள்ல மிஞ்சினது. சுத்தி வேலி, முன்னால பலகை, டூரிஸ்ட்டுங்க நின்னு படம் புடிக்கிறாங்க. அந்த வம்சத்து மரத்தையெல்லாம் ஆயுசு முழுக்கச் சீவினவங்க இங்க புந்தோங்ல ரொட்டிக் கடையில சும்மா உக்காந்திருக்கோம். எங்களுக்கு வேலி போடச் சொல்லல. ஒரு கோப்பி வாங்கிக் குடுத்தாப் போதும்.

கடலுக்கு வருவோம். பூசான் பக்கத்துல ஹேதொங் யொங்குங்சான்னு ஒரு கோயில். 1376-ல கட்டினதாச் சொல்றாங்க. நூத்தியெட்டுப் படி இறங்கினா அலை வந்து மோதுற பாறை மேலயே புத்தர் இருக்காராம். மத்த கோயிலெல்லாம் பெரும்பாலும் மலையில ஏறி உக்காந்திருக்க, இது கடலோரமா இருக்கிறதுனால அத்தனை கூட்டமாம். போ, கும்பிடு, வேண்டிக்க. ஆனா பக்கத்துல நிக்கிறவன் கிட்ட, “உலகத்துலேயே இப்படி நான் பாத்ததில்ல”ன்னு மட்டும் சொல்லிடாதே. பங்கோர் தீவுல பத்திரகாளி அம்மன் கடலைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. மாசி மகத்துக்குப் படகு படகா சனம் போகுது. உன்னை மூணு வயசுல தூக்கிட்டுப் போனோம். கோயில்ல மொட்டை போட்டோம், நீ கடலே இடிஞ்சு விழுற மாதிரி கத்தினே.

இப்பவும் வருசத்துக்கு ஒருக்கா ஃப்ரெண்டுங்களோட பங்கோர் போறதானே? எங்க போறேன்னு கேட்டா ரிசார்ட்டும்பே. தெலுக் கெடோங்ல 1670-ல டச்சுக்காரன் கட்டின கோட்டையோட செவுரு இருக்கு. ஈயத்துக்கு ஆசைப்பட்டு வந்தவன். 1874-ல வெள்ளைக்காரன் பேராக்குக்குள்ள கால் வைக்கக் கையெழுத்து வாங்கின ஒப்பந்தம் அந்தத் தீவு பேருலதான் இருக்கு. அந்தக் கையெழுத்து விழலைன்னா தோட்டம் ஏது, நான் ஏது, ஏழு மணி நேரம் பறந்து மலை பாக்கப் போற நீதான் ஏது? சாயங்காலமானா தெலுக் நிப்பாவுல இருவாச்சிப் பறவைங்க கூட்டமா வந்து பழம் கேக்கும். அந்த நேரத்துல நீ கொரிய நாடகத்தோட பதினாலாவது பாகத்துல இருப்பே.

பூசானுக்குப் பக்கத்துலேயே கிம்ஹேன்னு ஒரு ஊரு. அங்க ஹோ ஹ்வாங்-ஒக்னு ஒரு ராணியோட சமாதி. கி.பி. 48-ல ‘ஆயுதா’ங்கிற நாட்டுல இருந்து கப்பலேறி வந்து, சூரோ ராஜாவைக் கட்டிக்கிட்டாளாம், அலை அடங்குறதுக்குக் கல்லு வேற ஏத்திக்கிட்டு வந்தாளாம். சம்குக் யூசாங்கிற அவங்க பழைய புஸ்தகத்துல இருக்கு. அது நெசமா கதையான்னு படிச்சவங்க அடிச்சுக்கிறாங்க. நம்ம வாட்ஸ்அப் மாமாக்களுக்கு அந்தச் சந்தேகமே இல்ல, அவ நம்ம பாண்டிய நாட்டுப் பொண்ணு. அயோத்திதான் அவ ஊருன்னு சொல்லி 2001-ல அங்க நினைவுச்சின்னமே வச்சுட்டாங்க. நீயும் அந்தச் சமாதியில நின்னு, “எங்க வம்சத்து ராணி”ன்னு ஸ்டேட்டஸ் போடுவே. போடு, தப்பில்ல. அதுக்கு முந்தி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போடு. நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி, கையில ஒரு தகரப் பெட்டியோட பினாங்குல வந்து இறங்கினாளே உன் கொள்ளுப்பாட்டி, அவ பேரு என்ன?

பாத்தியா. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி வந்தவ பேரு வாயில நிக்குது.

சரி, வெள்ளை மலைக் கதை. கொரியாக்காரன் 1967-லயே சிரிசான் மலையை முதல் தேசியப் பூங்கான்னு அறிவிச்சு எல்லை போட்டுட்டான். நம்மளும் சும்மா இல்ல. 2018-ல கிந்தாப் பள்ளத்தாக்கைத் தேசிய ஜியோபார்க்னு அறிவிச்சாச்சு. பலகையும் வச்சாச்சு. பலகையைத் தாண்டி, மலையை உடைச்ச கல்லை ஏத்திக்கிட்டு லோரி போய்க்கிட்டு இருக்கு; உடைச்ச பக்கந்தான் வெள்ளை. சுண்ணாம்புக்கல்லுன்னா சிமெண்டு, சிமெண்டுன்னா ஃப்ளாட்டு, அந்த ஃப்ளாட்டுலதான் நாமளும் இருக்கோம். அதனால நான் ரொம்பச் சத்தம் போட மாட்டேன்.

செம்மோர் பக்கம் குனோங் கந்தான்னு ஒரு மலை. ஒரு பக்கம் உடைக்கிறாங்க. இன்னொரு பக்கம் குகைக்குள்ள புத்த பிக்குங்க மடம். இடம் யாருக்குன்னு வழக்கு கோர்ட்டு வரைக்கும் போச்சு. அந்த மலையில ஒரு சிலந்தி இருக்கு, கூடு கட்டிக் கதவு வச்சுக் குடியிருக்கும். அந்த மலையோட பேரையே அதுக்கு வச்சிருக்காங்க. 2014-ல ஆராய்ச்சிக்காரங்க அங்க ஒரு குட்டி நத்தையைக் கண்டுபிடிச்சு அதுக்கும் பேரு வச்சாங்க. என்ன பேரு தெரியுமா? சரோப்பா லஃபார்ஜி. அப்ப அங்க கல்லு உடைச்ச சிமெண்டு கம்பெனி பேரு லஃபார்ஜ். ஆட்டுக்குட்டிக்குக் கசாப்புக் கடைக்காரர் பேரை வச்சு, “ஐயா, உங்க புள்ளையா நெனச்சுக்கோங்க”ன்னு குடுத்த கதைதான். ஆனா அது கெட்டிக்காரத்தனம் கண்ணு. பேரு வச்சுட்டா ஒருத்தனுக்குக் கொஞ்சமாவது கை கூசும்.

நான் இத்தனை நேரம் சுத்தினது இதுக்குத்தான். சாமி குடியேறி, சனம் தேடி வர்ற மலையில கை வைக்கக் கொஞ்சம் யோசிக்கிறாங்க. கெக் லோக் தோங் குகையில ஒரு காலத்துல இரும்பு தோண்டினாங்க. அப்புறம் கோயிலாச்சு. இன்னிக்கு அந்தக் குகைக்குள்ள ஒரு வாசல்ல நுழைஞ்சு மறு வாசல்ல வந்தா குளமும் தோட்டமும். விடிஞ்சா சீனத்துப் பாட்டிங்க கூழாங்கல் பாதையில வெறுங்காலோட நடக்குறாங்க. நம்ம கல்லுமலை முருகனுக்கும் தைப்பூசத்தன்னிக்கு புந்தோங்ல இருந்து காவடி கிளம்புறதுனால வருசத்துக்கு ஒரு நாளாவது ஊரு அந்த மலையை அண்ணாந்து பாக்குது. அந்த முருகன் குடியிருக்கிற குனோங் சீரோவுல 1973-ல பாறை பேந்து விழுந்து, அடிவாரத்துல குடியிருந்தவங்க நாப்பது பேர் வரைக்கும் செத்துப்போனாங்க. மலையை அழகுன்னு பாக்குறதோட நிறுத்திக்கக் கூடாது; அதுக்குப் பயப்படவும் தெரியணும். உள்ளூர்க்காரன் பாக்காத மலையை லோரிக்காரன் பாத்துக்குவான்.

கொரியா நாட்டுப்புறத்துல நீ தங்குற வீட்டுல கண்டிப்பா ஒரு கெழவி இருப்பா. நாடகத்துல எல்லா வீட்டுலயும் இருக்கா. சோறு போட்டுட்டு, “உங்க ஊர்ல என்ன இருக்கு?”ன்னு கேப்பா. அப்ப நீ ஹேண்ட்போனைத் தடவி, “வெயில் இருக்கு, மால் இருக்கு, வைட் காப்பி இருக்கு”ன்னு சொல்லி மானத்தை வாங்கிடாதே. கடல் எழுந்து மலையாகி, மலை கரைஞ்சு குகையாகி, குகைக்குள்ள புத்தரும் முருகனும் குடியிருக்காங்கன்னு சொல்லு. அவளே அடுத்த மாசம் டிக்கெட் போட்டு வந்துடுவா. அவளைப் பேராக் தோங் படியில நான் ஏத்திக்கிறேன், உங்க பாட்டிக்கிட்ட மட்டும் சொல்லிடாதே.

சனிக்கிழமை காலையில காரை எடு. முதல்ல பேராக் தோங், அப்புறம் கெக் லோக் தோங், திரும்பி வர்ற வழியில புந்தோங்ல கச்சான் பூத்தே ரெண்டு பாக்கெட்டு, ஒன்னு எனக்கு, ஒன்னு கொரியாக் கெழவிக்கு. பெட்ரோல் உன் செலவு. வழி சொல்ற கூலி ஒரு கோப்பியும் ரெண்டு ரொட்டி சானாயும். படியில நீ எத்தனாவதுல உக்காருறேன்னு நான் எண்ணிக்கிட்டே வருவேன். நான் அதுக்கு முந்தியே உக்காந்துட்டா, எண்ணுறதை நீ நிறுத்திடணும்.