பழைய சேணம், புது விளம்பரம்

பழைய குதிரைச் சேணத்தை இணையத்தில் விற்பவரின் முதல் வேலை, அதை அதிகம் பயன்படுத்தவில்லை என்று எழுதுவது. அங்கவடி வார் உரசி உரசிப் பக்கத்தோலில் பள்ளமே விழுந்திருக்கும். படத்தில் அந்தப் பக்கம் மட்டும் வராது.

அடுத்தது அளவு. ஆங்கிலேயச் சேணத்தில் முன்பக்கத்து ஆணித்தலையிலிருந்து பின்மேட்டின் நடுவரை நாடா பிடிக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 17 அல்லது 17.5 அங்குலம். இது உட்காருபவரின் அளவு. சுமப்பவரின் முதுகு அகலம் பல விளம்பரங்களில் இருக்காது. குதிரைதான் விளம்பரம் படிப்பதில்லையே.

சேணத்தின் உயிர் உள்ளே மறைந்திருக்கும் சட்டம். அது விரிசல் விட்டிருந்தால் மிச்சமெல்லாம் அழகான தோல் மூட்டைதான். முன்மேட்டையும் பின்மேட்டையும் சேர்த்து அமுக்கும்போது இருக்கை நடுவில் மடங்கக் கூடாது, கிறீச்சிடவும் கூடாது. படத்தில் சத்தம் கேட்காது என்பது விற்பவருக்கு வசதி.

ஊர்ப் பெயருக்கும் விலை உண்டு. இங்கிலாந்தின் வால்சால் முத்திரை என்றால் தலைப்பிலேயே ஏறிவிடும். கான்பூர் என்றால் 'நல்ல தோல்' என்பதோடு நின்றுவிடும், கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடே இருந்தும்.

பிறகு 'கடைசி விலை என்ன?' என்று செய்தி வரும். கேட்பவரிடம் பெரும்பாலும் குதிரை இருக்காது.