மஞ்சள் குழாய் மரியாதை

ரோமில் ஸ்பானியப் படிக்கட்டில் குந்தினால் 400 யூரோ வரை அபராதம். 2019-இல் வந்த விதி. வெனிஸில் நெரிசல் நாள்களில் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவரிடம்கூட 2024 முதல் குறைந்தது 5 யூரோ வாங்குகிறார்கள். வந்தவனை அதட்டி வைக்கிற ஊர்கள் அவை. மலேசியாவில், எங்கள் ஜொகூர் பாருவில் அந்தப் பழக்கம் இல்லை. நாங்கள் "வாங்க பாஸ்" என்போம்.

சனிக்கிழமை எங்கள் தாமான் (குடியிருப்பு) பெட்ரோல் நிலையத்துக்கு வந்து பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்த பளபளக்கும் கார். எண் பலகையில் ஓர் எழுத்தின் மேல் கறுப்பு டேப். வெளிநாட்டு வண்டிக்கு மானிய விலை ரோன் 95 பெட்ரோல் கிடையாது என்று 2010-இலேயே தடை போட்டாயிற்று. அந்த அறிவிப்பு ஒட்டியிருக்கும் பம்பிலிருந்தே ஐயா மஞ்சள் குழாயை எடுக்கிறார். குழாய் டக்கென்று நின்ற பிறகும் விடுவதாயில்லை. ஐயா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் நின்று காரைத் தொட்டில்போல் ஆட்டுகிறார்கள். உள்ளே காற்று இருக்கிறதாம். ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கியவர்களும் உண்டு. முக்கால் தொட்டி இல்லாமல் பாலம் ஏறக்கூடாது என்பது அவர்கள் நாட்டுச் சட்டம். ஆக, மிச்சமிருக்கும் கால் தொட்டிக்கும் இங்கே சுற்றித் தீர்த்ததற்கும்தான் இத்தனை தாலாட்டு!

அம்மா டிஷ்யூவைக் கசக்கி ஜன்னல் வழியே போடுகிறார். அதையே அவர் வீட்டு வாசலில் போட்டால் முதல் தடவைக்கே 300 டாலர். 1992-இலேயே சுவிங்கம் விற்பனைக்குத் தடை போட்ட நாட்டுக்காரர். எங்கள் தரையைக் கண்டதும் கை நீள்கிறது.

கண்ணாடிக் கோயிலுக்கும் வருவார்கள். மூன்று லட்சம் கண்ணாடித் துண்டு பதித்த ராஜகாளியம்மன் சந்நிதி. அத்தனை துண்டிலும் தன் முகம் மட்டுமே தெரியும் சிலருக்கு. அம்மனுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி.

எல்லாரும் இப்படியா என்றால் இல்லை. என் அக்காவே அக்கரையில்தான் இருக்கிறார். ரோன் 97-தான் ஊற்றுவார், விலையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையனையும் பாருங்கள். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டாரில் பாலம் ஏறுகிறான். அங்கே எச்சில் துப்பமாட்டான், கோட்டைத் தாண்டமாட்டான், சிகரெட் துண்டைப் பையிலேயே வைத்திருப்பான். இங்கே திரும்பியதும் எங்கள் சாக்கடையில் போடுவான். அவனுக்கும் அந்த ஐயாவுக்கும் வளர்ப்பில் ஒரு வித்தியாசமும் இல்லை. 1973 வரை இரண்டு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. இன்று அவர்கள் ஒரு டாலருக்கு எங்களுடையது மூன்றுக்கு மேல். கூச்சமும் அதே கணக்கில்தான் மாறுகிறது. அதட்ட வேண்டிய நாங்களோ, "இன்னும் ரெண்டு வாட்டி ஆட்டுங்க பாஸ், ஏறும்" என்று யோசனை சொல்கிறோம்!

அன்றைக்கு ஐயா போன பிறகு என் முறை. 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து, சொந்த நாட்டு ரோன் 95-ஐ 1.99 வெள்ளிக்கு வாங்க மலேசியன் தன் அடையாள அட்டையான மைகார்டைச் செருகி, தான் யார் என்று நிரூபிக்க வேண்டும். செருகினேன். இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. அட்டையைத் துடைத்துவிட்டு மறுபடி முயலச் சொன்னது.