கொடி விதி: பெங்களூரு வகுப்பறைகளில் பிறநாட்டுப் பண்பாட்டாய்வு திட்டமிடப்படும் முறை

ஐந்தாறு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஏதேனும் ஒரு நாட்டின் பண்பாட்டை ஆராய்ந்து வகுப்பில் படைப்பது பெங்களூருப் பள்ளிகள் பலவற்றில் வழக்கம். ‘மாணவரே திட்டமிட்டு மாணவரே நடத்துவது’ என்று சுற்றறிக்கை சொல்லும். அத்திட்டம் எங்கே, எவரால் தீட்டப்படுகிறது என்பதை முறையாக ஆராய்ந்தோர் இலர் என்னும் குறையை இக்கட்டுரை நீக்கும். ஆய்வுக் களங்கள் இரண்டு: இரவு ஒன்பது மணிக்கும் திறந்திருக்கும் அல்சூர் ஸ்டேஷனரிக் கடை, வகுப்புத் தாய்மார்களின் வாட்ஸப் குழு.

1. நாடு தேர்தல்

ஒரு நாடு தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு, அதன் கொடியை வரையும் சிரமத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். இதனைக் ‘கொடி விதி’ என்க. சான்று ஜப்பான். அந்நாட்டின் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிவப்பு வட்டத்தின் விட்டம் கொடியின் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கு. சார்ட்டின் மேல் எவர்சில்வர் டப்பா மூடியைக் கவிழ்த்துப் பென்சிலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஆய்வில் பாதி முடிந்தது.

மறுதலைச் சான்றுகளும் உள. பூட்டான் கொடியில் நகங்களில் மணிகளைப் பற்றிய டிராகன். இலங்கைக் கொடியில் வாளேந்திய சிங்கம், போதாததற்கு மூலைக்கொரு அரசிலை. நேபாளக் கொடியோ உலகில் நாற்கரமாக இல்லாத ஒரே தேசியக் கொடி. அதை எப்படி வரைய வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சாசனமே கோடு கோடாக விதித்திருக்கிறது. ஆகவே அண்டை நாடுகள் மூன்றும் நம் பிள்ளைகளுக்கு எட்டாத தொலைவில் உள்ளன என்பது பெறப்படும்.

2. குழு அமைதல்

தலைமைப் பண்புகளை மேலாண்மை நூலோர் பலவாறு விரிப்பர். களத்தில் கண்டது ஒன்றே: வீட்டில் கலர் பிரிண்டர் உள்ளவர் தலைவர். கையெழுத்து அழகாக உள்ளவர் செயலர். சமர்ப்பிக்கும் நாளன்று காய்ச்சல் வருபவர் உறுப்பினர்.

ஆய்வு நெறியாளர் கடைக்காரரே.

“அண்ணா, ஜப்பானுக்கு என்னென்ன வேணும்?”

“வெள்ளை சார்ட் ரெண்டு, சிவப்பு கிளேஸ் பேப்பர் ஒண்ணு, விசிறிக்கு ஐஸ் குச்சி. பிரான்ஸ்னா மட்டும் நாளைக்கு வாங்கம்மா, தெர்மாகோல் எல்லாம் ஈபிள் டவருக்குப் போயிடுச்சு.”

இவ்வளவு தெளிவான திட்ட அறிக்கை எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

3. சான்று திரட்டல்

ஜப்பான் சார்ட்டில் செர்ரி மலர் இன்றியமையாதது. பிப்ரவரியில் பெங்களூருச் சாலைகளில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் மரத்தைப் படமெடுத்து ஒட்டிவிடுவர். அது டெபெபூயா, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிக்குரியது. ஒன்றன்பின் ஒன்றாக ஆண்டு முழுதும் பூக்கும்படி இந்நகரில் மரங்களை நடத் திட்டமிட்டவராகச் சொல்லப்படுபவர் லால்பாகின் ஜெர்மானியக் கண்காணிப்பாளர் க்ரும்பீகல். இந்த மரம் எந்த ஊர் என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தால், ஒரு படத்திலேயே இரண்டு கண்டங்கள் கிடைத்திருக்கும். கேட்கவில்லை, பசை காய்ந்துகொண்டிருந்தது.

உண்மையான ஜப்பானும் அருகிலேயே உண்டு. பெங்களூரை அடுத்த பிடதியில் டொயோட்டா ஆலை 1999 முதல் கார் செய்கிறது. இந்நகரில் ஜப்பானியக் குடும்பங்கள் வாழ்கின்றன. 2005 முதல் ‘ஜப்பான் ஹப்பா’ என்னும் விழாவும் நடந்துவருகிறது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் நான்கு ஆய்வாளர்கள் ஜப்பான் சார்ட்டுடன் ஏறினர். உள்ளே நின்ற ஜப்பானியப் பெண்மணி சார்ட்டைப் பார்த்துப் புன்னகைத்தார். ஆய்வாளர்களின் கவலையெல்லாம் சார்ட் மடங்கக் கூடாதே என்பதுதான். மூன்றாம் மாடியில் அவர் இறங்கிப் போனார்.

4. முடிவு

படைப்பு நாளில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு வினா வந்தது: “மிஸ், அங்க கிளாஸை யாரு கூட்டுவாங்க?” வகுப்பு சிரித்தது. ஜப்பானியப் பள்ளிகளில் மாணவர்களே கூட்டித் துடைக்கிறார்கள் என்பது விடை. மூன்றாம் மாடியில் மணியடித்திருந்தால், அதை எந்த முறைப்படி, யார் யார், எப்போது செய்வார்கள் என்பது வரை தெரிந்திருக்கும். அன்றைய ஆய்வில் ஆய்வு என்று சொல்லத்தக்கது அந்த ஒரு வினாவே. அதற்கு மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை.

எனவே பரிந்துரை: நாட்டைத் தேரும் முன் ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியருக்கு விடை தெரியாத மூன்று வினாக்களை எழுதித் தர வேண்டும். மதிப்பெண் முழுவதும் வினாவுக்கே. கொடிக்கு ஒன்றும் கிடையாது. இப்படி அறிவித்துப் பாருங்கள், அடுத்த ஆண்டே நேபாளத்துக்கும் ஆள் கிடைக்கும்.